பொழுதோட இருசப்பன்

திருவண்ணாமலை டாக்ஸி ஸ்டாண்டில் போய் இருசப்பன் என்று கேட்டால், "எந்த இருசப்பன்? பொழுதோட இருசப்பனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கே சவாரி போனாலும் பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிற ஆள். தலைகீழாக நின்று கேட்டாலும் விளக்கு வைத்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொட மாட்டான். கார்த்திகை தீபத்துக்கு ஊரே ஜனக்காடாகி, மற்ற டிரைவர்கள் தூக்கமில்லாமல் ஓட்டிக் கொள்ளை கொள்ளையாய்ச் சம்பாதிக்கிற நாட்களிலும், இவன் ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால் குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்பான். அப்படி ஒரு வேண்டுதலை எந்தக் குலதெய்வமும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் சாமி விஷயம், யார் நோண்டிக் கேட்பார்கள்?

உண்மை வேறு. பொழுது சாய்ந்தால் இருசப்பனுக்குக் கண் தெரியாது.

எழுபத்திரண்டில், அவனுக்கு முப்பத்துமூன்று வயதாகும்போது அது ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவன் நடுக்கூடத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை உதைத்துத் தள்ளினான். மனைவி கஸ்தூரி சிரித்தாள். மறுநாளும் உதைத்தான். அப்போதும் சிரித்தாள். மூன்றாம் நாள் அவள் குடத்தை மூலைக்கு நகர்த்தி வைத்தாள், சிரிக்கவில்லை.

மாலைக்கண் என்று அவளே முடிவு கட்டி வைத்தியமும் ஆரம்பித்தாள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டீரல். அந்த வருஷம் இருசப்பன் தின்ற கீரைக்கு நாலு முருங்கை மரம் மொட்டையாகியிருக்கும். கண் மட்டும் இம்மியும் தெளியவில்லை. பிறகு ஊரில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் இவன் கண்ணுக்குள் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு காஞ்சிகிட்டு வருதுப்பா. இதுக்கு மருந்து இல்ல. இருட்டுல வெளிய நடமாடாதே. என்ன வேலை பண்றே?" என்று கேட்டார்.

"பயிர் வேலைங்க" என்றான் இருசப்பன்.

சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாதவன் சொன்ன அந்தப் பொய்தான் அடுத்த பதினோரு வருஷத்துக்கு அவன் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பகலில் அவனுக்கு நேரே பார்க்கிற பார்வை நன்றாகவே இருந்தது. வண்டியைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. பகலில் மட்டும் ஓட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வண்டி கோதண்டராமன் என்கிற மண்டிக்காரருடையது. அந்த அம்பாசடர் மாலையில் பத்திரமாக வந்து நின்றால் அவருக்குப் போதும்.

அவனைக் காப்பாற்றியவர்கள் ஜைனர்கள்.

நம் பக்கத்து ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்ச் சோறு தொட மாட்டார்கள். கல்யாணமோ கருமாதியோ, அடுப்பு வேலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும். வெளியூர் போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பித் தட்டின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குப் பட்டினிதான். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் நின்று நேரத்தைக் கொன்று இவர்களைப் பட்டினி போட்டுவிடுவார்கள். இருசப்பன் மட்டும் இரண்டரை மணியிலிருந்தே, "கிளம்பலாங்களா? பொழுது போவுதுங்க" என்று துரிதப்படுத்துவான். அவர்களுக்கு வாராது வந்த மாமணி. தலைமையாசிரியர் ஜினசந்திரன் தம் உறவுக்காரர்களிடமெல்லாம், "நம்ம விரதம் நமக்கே மறந்தாலும் இருசப்பனுக்கு மறக்காது" என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வீட்டுச் சவாரியை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தார். கல்யாணப் பந்தியில் அவனைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். இருசப்பனுக்கு அந்த மரியாதை இனிக்கவும் செய்தது, தொண்டையில் முள்ளாகக் குத்தவும் செய்தது.

ஒரே ஒரு தடவை கணக்குத் தப்பியது. எழுபத்தொன்பதில் ஒரு நாள் டயர் வெடித்துத் தாமதமாகி, சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புகையில் இருட்டிவிட்டது. வண்டி எதன் மேலோ ஏறி இறங்கியது. மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கியது. நிறுத்த அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்தான். விடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளில் போய்த் தேடினார்கள். சாலையில் நசுங்கிக் கிடந்தது ஒரு வைக்கோல் கட்டு. அதன் பக்கத்திலேயே கஸ்தூரி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வாணாம். விட்டுடு இந்த வேலைய" என்றாள். "விட்டுட்டு?" என்று கேட்டான்.  அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவளுக்கு ஹாரன் சத்தம் கேட்கும்வரை கையில் எடுத்த வேலை ஓடாது.

எண்பத்து மூன்று மார்கழியில் ஜினசந்திரனின் தங்கை கனகலதா டில்லியிலிருந்து வந்திருந்தாள். கூடவே ஏழு வயது மகள் ஜெயந்திமாலா. பிறந்த சீமையை மகளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அரையாண்டு விடுமுறையில் இருந்த ஜினசந்திரன் இருசப்பனைத்தான் கூப்பிட்டார். இருசப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். காலையில் ஆரணி, மதியம் திருமலை ஜைனக் கோயில், மூன்றரைக்குப் போளூர், ஐந்தேகாலுக்கு வீடு. அரைமணி நேரம் கையில் மிச்சம் இருந்தது.

கணக்குப்படியேதான் எல்லாம் நடந்தது. ஆரணிக் கடைத்தெருவில் நெல் மூட்டை வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்துபோய்ப் பட்டுச்சேலை எடுத்தார்கள். தறி ஓடுகிற வீட்டுக்குள்ளிருந்து பாப்பாவை வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. திருமலையில் ஏறி, பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரரைக் கும்பிட்டு இறங்கினார்கள். போளூர்க் கடைவீதியில் ஜவ்வாது மலைக்காரர்கள் புளியும் சாமையும் கொண்டுவந்து குவித்து உட்கார்ந்திருந்தார்கள். கனகலதா பேரம் பேசாமலே இரண்டு தூக்குப் புளி வாங்கினாள். மணி மூன்றரை. "கிளம்பலாங்களா சார்?" என்றான் இருசப்பன்.

அந்த நேரம் பார்த்து எதிரே வந்தார் ஜினசந்திரனின் சம்பந்தி விருசபதாசன். வீடு பக்கத்துத் தெருவில்தான். பொழுதோடு இங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாலேகாலுக்கு இலை போட்டாகிவிட்டது. இருசப்பனுக்கும் போட்டார்கள். சூடான சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. நாலே முக்காலுக்குப் புறப்பட்டாலும் பொழுதுக்குள் ஊரைப் பிடித்துவிடலாம் என்று நிம்மதியாக இரண்டு தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான், பாவி.

கை கழுவிவிட்டு வந்த கனகலதா சொன்னாள்: "அண்ணா, சாப்பாடுதான் ஆயிடுச்சே. இனிமே என்ன அவசரம்? கடலாடி வழியா செய்யாத்தோரமா போலாமே. சூரியன் எறங்கறத ஆத்துல நின்னு பாப்பா பாக்கட்டும். நாளைக்குத்தான் நாங்க ரயில் ஏறிடுவோமே."

இருசப்பன் பதினோரு வருஷமாக எந்தச் சோற்றைச் சாக்கு வைத்து ஓடிவந்தானோ, அந்தச் சோறு இன்றைக்கு முன்கூட்டியே இலையில் விழுந்து, தின்றும் முடிந்திருந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அந்த ரோடு சரியில்லீங்கம்மா. ஜாஸ்தி பள்ளம்" என்றான்.

"மெதுவா போங்க. நேரம் இருக்கு" என்றாள் கனகலதா.

ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறு பக்கம் பர்வதமலை, நடுவே கரும்பும் நெல்லுமாகப் பச்சை, அதற்குள்ளே செய்யாறு. மழைக்காலம் முடிந்த கையோடு ஆறு மணலும் தண்ணீருமாகப் பளிச்சென்று கிடந்தது. பார்த்தவர்களுக்கு அங்கேயே தங்கிவிடத் தோன்றும் என்பார்கள். இருசப்பன் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: மேற்கே சூரியனுக்கும் மலை முகட்டுக்கும் நடுவே எத்தனை சாண் இருக்கிறது என்று. மலை மறைக்கிற இடத்தில் பொழுது முன்னதாகவே சாய்ந்துவிடும்.

தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி மூன்று பேரும் இறங்கினார்கள். மணி ஐந்தேகால். பாப்பா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். இருசப்பன் வண்டிக்கும் ஆற்றுக்கும் நாலு தரம் நடந்தான்.

"சார், கிளம்பிடலாம் சார். மலையில மழ பேஞ்சா தண்ணி திடீர்னு ஏறிடும்."

ஜினசந்திரன் வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை. "எப்பவும் எங்க சாப்பாட்டுக்காகத்தானே இருசப்பா உனக்கு அவசரம்? இன்னைக்கு அந்தக் கவலை தீந்துபோச்சு. நீயும் சித்த நேரம் உக்காரு" என்று தம் பக்கத்தில் மணலைத் தட்டிக் காட்டினார்.

இருசப்பன் வாயைத் திறந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தான். 'எனக்குக் கண் தெரியாது' என்று நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் அதைச் சொன்ன நிமிஷமே லைசென்ஸ் போகும், வண்டி போகும். அவர் தட்டிக் காட்டுகிற இந்த மணல்கூடப் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் செய்த தப்புகளில் பெரிய தப்பு இதுதான் என்பேன் நான். கண்ணில்லாதது குற்றமில்லை. வாயிருந்தும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தானே, அது குற்றம்.

அவர்கள் ஏறி உட்காரும்போது மணி ஆறாகிவிட்டது. ஆற்றைத் தாண்டினால்தான் ஊருக்குப் போகிற சாலை. நீளமான தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த முட்டிக்கால் உயரக் கற்கள் நட்டிருக்கும், அவ்வளவுதான். பாலத்தின் மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. இடது பக்கம் கீழே ஆள் மூழ்குகிற மடு.

விளக்கைப் போட்டு முதல் கியரில் பாலத்தில் இறக்கினான். முதல் கல் தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது, மூன்றாவது மங்கலாக. அதற்கப்புறம் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு மட்டும்தான். மற்றவர்களுக்கு அது இன்னும் சாயங்காலம். பின்சீட்டில் பாப்பா, "மாமா, அதோ கொக்கு! அதோ இன்னொண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். இருசப்பனுக்குக் கொக்கும் இல்லை, பாலமும் இல்லை.  தண்ணீர்ச் சத்தத்தை வைத்து நடு எது, ஓரம் எது என்று யூகிக்கப் பார்த்தான். சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே கேட்டது. நேராகத்தான் பிடித்திருக்கிறேன், நேராகத்தான் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பத்தடி போனான். இன்னொரு பத்தடி.

இடது முன் சக்கரத்தில் 'டக்'கென்று ஏதோ இடித்தது. தண்ணீருக்குள் கல் விழுகிற சத்தம் கேட்டது.

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தான். எஞ்சின் அணைந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் ஜினசந்திரன்.

"சார், யாரும் ஆடாதீங்க. அசையாதீங்க." இருசப்பனின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எனக்குக் கண்ணு தெரியல சார். பொழுது போனா தெரியாது. ரொம்ப வருஷமா தெரியாது. கொழந்தய மொதல்ல எறக்குங்க. இந்தாண்ட கதவு, சோத்தாங்கைப் பக்கம். அந்தாண்ட வாணாம்."

 ஜினசந்திரன் பின்சீட்டின் வலது கதவைத் திறந்து தண்ணீரில் இறங்கினார்; பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கனகலதா அவர் வேட்டியைப் பிடித்தபடியே இறங்கினாள். பிறகு அவர் வண்டியின் முன்பக்கம் போய்ப் பார்த்தார். இடது சக்கரத்துக்கும் பாலத்தின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மூன்று பேரும் நடந்து அக்கரை போனார்கள். பாப்பாவின் அழுகை தூரமாகிக்கொண்டே போனது. இருசப்பன் இறங்கிக் கதவைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றான். கால் வைக்க இடம் தெரியவில்லை. தண்ணீர் காலை இழுத்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், போகட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தான். நினைத்தாலும் பயம் அடங்கவில்லை. கஸ்தூரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. ஜினசந்திரன் திரும்பி வந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்; கள்ளனைப் பிடித்துப் போகிற மாதிரிதான் பிடித்திருந்தார். இருசப்பன் ஒவ்வோர் அடியையும் தண்ணீருக்குள் தடவித் தடவி வைத்துப் பின்னாலேயே போனான்.

அக்கரையில் ஒரு டீக்கடை. அங்கே இருந்த மண்ணாங்கட்டி என்கிற டிராக்டர் டிரைவர் போய், வண்டியைப் பதமாகப் பின்னுக்கு எடுத்து, ஐந்தே நிமிஷத்தில் கரையேற்றினார். "இன்னாண்ணா, குடிச்சிட்டா ஓட்டுன?" என்று கேட்டுவிட்டுச் சாவியை இருசப்பன் கையில் கொடுத்தார்.

கனகலதா பெஞ்சில் மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இருசப்பன் அவள் இருக்கும் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

ஜினசந்திரன் அப்போதுதான் பேசினார். சத்தம் போடவில்லை. "நாங்க எதுக்குப் பொழுது சாஞ்சா சாப்பிடறதில்லைன்னு உனக்குத் தெரியுமா இருசப்பா?"

"தெரியும் சார். விரதம்."

"விரதம்தான். எதுக்கு அந்த விரதம்? இருட்டுல கண்ணு சரியா தெரியாது. தெரியாம ஒரு சின்னப் பூச்சி சோத்துல விழுந்து செத்தாக்கூட அந்தப் பாவம் நம்மளுது. அந்த ஒரு பூச்சிக்காகத்தான் தலைமுறை தலைமுறையா வாயைக் கட்டிகிட்டு இருக்கோம்." அவர் பாப்பா பக்கம் கையைக் காட்டினார். "நீ வண்டியில எங்க புள்ளைங்களை ஏத்திகிட்டுப் போனியேப்பா."

இருசப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கையில் இருந்த சாவி பல்லில் இடித்தது. அந்தச் சாவியை அப்படியே நீட்டினான். அவர் கேட்கவில்லை, இவனாகத்தான் நீட்டினான். "மண்டிக்காரர்கிட்ட நீங்களே குடுத்துடுங்க சார். நான் குடுத்தா நாளைக்கு திரும்பியும் வாங்கிக்குவேன்" என்றான்.

ஜினசந்திரன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு மணி பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். படியேறும்போது அவர்தான் முழங்கையைப் பிடித்து ஏற்றினார், பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருமுனைவரை நடத்திக் கொண்டுவந்தும் விட்டார்.  "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் போனார். நாளைக்கு நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு இருசப்பன் சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குப் போனான்.

வாசலில் கஸ்தூரி நின்றிருந்தாள். அவனுக்கு அவள் தெரியவில்லை. வளையல் சத்தத்தில் தெரிந்துகொண்டான். ஹாரன் கேட்கவில்லை, வண்டி வரவில்லை, மணி எட்டரை. நனைந்த வேட்டியோடு தனியாக வந்து நிற்கிறவனிடம் அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"யாரு?" என்றாள்.

யார் மேல் ஏற்றினாய் என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"யாருமில்ல கஸ்தூரி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. சாவியக் குடுத்துட்டேன். இனிமே தொட மாட்டேன்."

அவள் நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள். மார்பில் அடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, எழவு வீட்டில் அழுவதுபோல் அழுதாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு உண்ணாமலை கையில் விளக்கோடு ஓடி வந்தாள். "ஐயையோ, இன்னாடி ஆச்சு? யாருடி செத்தது?"

"யாரும் சாவலக்கா" என்றாள் கஸ்தூரி. "யாருமே சாவல." அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.